கிணற்று நீர்மட்டப் பதிவுகளை ஒன்றுசேர்க்க உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. நாடு முழுவதும் உள்ள கண்காணிப்புக் கிணறுகளின் பல ஆண்டுப் பதிவுகளை ஒரே அட்டவணைக்குள் கொண்டுவரும் வேலையில் இருக்கிறேன். நீர்மட்டம், நீரின் தரம் இரண்டும் அதில் வர வேண்டும்.

பெரிய சிக்கல் நீர்மட்டத்தில்தான். சில ஆழங்கள் தரையிலிருந்து அளந்தவை, சில கிணற்றுக் குழாயின் மேல் விளிம்பிலிருந்து. விளிம்பு தரைக்கு மேல் அரை மீட்டர் நின்றால், அளக்கும் முறை மாறிய அன்றே தண்ணீர் அரை மீட்டர் இறங்கிவிட்டதுபோல வரைபடம் காட்டும். அதை வைத்து யாராவது தண்ணீர்ப் பங்கீட்டைக் குறைத்துவிட்டால் பாதிப்பு மக்களுக்குத்தான். எல்லாவற்றையும் கடல்மட்டத்திலிருந்து உயரமாக மாற்றுவதே சரி என்பது என் எண்ணம். ஆனால் விளிம்பின் உயரம் குறிக்கப்படாத கிணறுகளை என்ன செய்வீர்கள்? அளவெடுக்கும் வரை ஒதுக்கி வைக்கலாமா?

அப்புறம், கிணற்று நீருக்குள் தொங்கி, அழுத்தத்தைக் கொண்டு நீர்மட்டத்தைப் பதியும் தானியங்கி அழுத்த உணரிகள். எங்களிடம் உள்ள வகை தண்ணீரோடு காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தே அளக்கிறது. காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் மாறினாலே அளவில் சுமார் 1 செ.மீ. மாறிவிடும். ஒரு காற்றழுத்தமானியை எவ்வளவு தொலைவு வரையுள்ள கிணறுகளுக்குப் பொதுவாக வைக்கலாம்? மலைப்பகுதியில் வேலை செய்தவர்கள் அவசியம் சொல்லுங்கள்.

தரத்தில் ஒரே ஒரு கேள்வி. ஃபுளோரைடுக்கு உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். பழைய பதிவேடுகளில் 'கண்டறியப்படவில்லை' என்று இருப்பதைப் பூஜ்யமாக எழுத எனக்கு மனம் வரவில்லை. கருவியின் கண்டறியும் எல்லையும் (அது காணக்கூடிய மிகக் குறைந்த அளவு) குறிப்பில் இல்லை. இத்தகைய பதிவுகளைக் கையாண்டவர்கள் உங்கள் அட்டவணையின் ஒரு மாதிரிப் பக்கத்தைப் பகிர்ந்தாலே பெரிய உதவியாக இருக்கும்.