எழுத்து வழித் திகில் ஆட்டத்துக்குக் குழு கிடைக்கவில்லை: எங்கே பிழை விடுகிறேன்?

முதிரைநிழல்:

வணக்கம். ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமம் என்னுடையது. பகலில் முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். இரவு ஒன்பதுக்குப் பிறகு வீடு அடங்கினால் எனக்கென்று இரண்டு மணி நேரம் மிஞ்சும். அந்த நேரத்தில் ஆடுவதற்கு எழுத்து வழித் திகில் ஆட்டக் குழு ஒன்றை நான்கு மாதமாகத் தேடுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: இது படம் ஓடும் கணினி விளையாட்டு அல்ல. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அது என்ன செய்கிறது, என்ன சொல்கிறது என்று எழுதிக்கொண்டு போவார்கள். முடிவு தெரியாத இடத்தில் பகடை உருட்டுவார்கள். நான் ஆட ஆசைப்படுவது 1981இல் வந்த 'கோல் ஒஃப் கத்துலு'.

குரலில் ஆட என்னால் முடியாது. கூடத்தில் அம்மம்மாவும் தம்பிமாரும் படுத்திருக்க, நான் மூலையில் இருந்து "கதவைத் திறக்காதே!" என்று ஆங்கிலத்தில் கத்தினால் அயலட்டை எழும்பிவிடும். சிக்னலும் கிணற்றடியில் நின்றால் இரண்டு கோடு, வீட்டுக்குள் ஒரு கோடு. எழுத்து அந்த ஒரு கோட்டிலும் போய்ச் சேரும். அதோடு, என் ஆங்கிலம் வாசிக்கப் போதும், பேசப் போதாது. எழுதுவதென்றால் அகராதி பார்க்க நேரம் கிடைக்கும்.

ஏழு குழுக்களுக்கு விண்ணப்பித்தேன். நான்கிலிருந்து பதிலே இல்லை. ஒன்றில் மைக் கட்டாயம் என்றார்கள். இன்னொன்று ஒன்பதாம் நாளே படுத்துவிட்டது. கதை நடத்தியவர் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துபோனார். ஏழாவதிலிருந்து நானே விலகினேன், அதை இப்போது விடுகிறேன்.

நான் அனுப்பியதைத் தமிழில் தருகிறேன்: "வணக்கம், நான் புதியவள். திகில் மிகவும் பிடிக்கும். எந்தப் பாத்திரமும் சரி, எந்த நேரமும் சரி. தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள்." இதில் என்ன பிழை?

காவற்கொட்டில்:

பிள்ளை, வன்னியில் இருந்துகொண்டு பேய்க்கு இணையத்தில் ஆள் தேடுகிறீர்களா? முத்தையன்கட்டுக் குளக்கட்டில் ஓர் இரவு தனியே இருந்து பாருங்கள், விண்ணப்பம் கேட்காமலே சேர்த்துக்கொள்ளும். பகிடிதான், கோபிக்க வேண்டாம்.

பகடைப்பத்து:

தங்கச்சி, நான் பரந்தன், இப்போது இருப்பது ரொறன்ரோவில். ஆறு வருடமாகக் கதை நடத்துகிறேன். உங்கள் விண்ணப்பம் எனக்கு வந்திருந்தால் நானும் பதில் போட்டிருக்கமாட்டேன். கோபிக்காமல் கேளுங்கள்.

"எந்த நேரமும் சரி" என்பவரை நாங்கள் நம்புவதில்லை. அப்படி எழுதியவர்கள்தான் இரண்டாம் வாரம் காணாமல் போவார்கள். "தினமும் இலங்கை நேரம் இரவு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை ஒரு பதிவு போடுவேன், பரீட்சைக் காலத்தில் இரண்டு நாள் பிந்தும்" என்று எழுதுங்கள். அந்த "பிந்தும்" என்ற சொல்லுக்காகவே சேர்ப்பார்கள்.

"எந்தப் பாத்திரமும் சரி" என்பதும் அப்படித்தான். ஆளைத் தெரியாமல் யாரைக் கதைக்குள் எடுப்பது? உங்கள் பாத்திரம் ஓர் இருட்டறை வாசலில் நிற்கிறது என்று வைத்து ஐந்து வரி எழுதி அனுப்புங்கள். பயந்தேன், நடுங்கினேன் என்று எழுத வேண்டாம். கையில் இருந்த சிமினி விளக்கின் திரியை ஏன் குறைத்தாள் என்று எழுதுங்கள். அதைப் படித்தால் உங்களோடு மூன்று மாதம் ஆடலாமா இல்லையா என்று தெரிந்துவிடும்.

அடுத்தது நேரம். நீங்கள் போனது எல்லாம் நேரடி ஆட்டங்கள் என்று நினைக்கிறேன். எங்கள் இரவு எட்டு மணி, கோடையில் உங்களுக்கு விடிய ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை. இலண்டனின் இரவு எட்டு உங்களுக்கு நடுச்சாமம் தாண்டி பன்னிரண்டரை அல்லது ஒன்றரை. இது நடக்கிற காரியமில்லை. நீங்கள் தேட வேண்டியது பதிவு வழி ஆட்டம். ஆங்கிலத்தில் பிளே பை போஸ்ட், சுருக்கமாகப் பிபிபி. எல்லாரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டியதில்லை. நாளுக்கு ஒரு பதிவு போதும். ஆர்பிஓஎல் என்ற தளம் இதற்காகவே இருக்கிறது, பகடையும் அங்கேயே உருளும். ரெடிட்டில் எல்எஃப்ஜி என்ற பகுதியில் ஆள் தேடுகிறவர்கள் தலைப்பிலேயே ஆட்டத்தின் பெயரையும் நேர வலயத்தையும் போடுவார்கள், அதைப் பார்த்து வடிகட்டுங்கள். டிஸ்கோர்ட் என்ற அரட்டைச் செயலியில் ஆடுவதென்றால் டைஸ் மெய்டன் என்ற பொட் (தானாக இயங்கும் நிரல்) பகடையைப் பார்த்துக்கொள்ளும்.

விதிநூலுக்குக் காசு கொடுக்காதீர்கள். வெளியிடும் கேயோசியம் நிறுவனமே தொடக்கநிலை விதிகளைத் தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அடிப்படை ஒரு நிமிடத்தில் விளங்கும்: உங்கள் திறமை 40 என்றால் நூறு பக்கப் பகடையில் 40 அல்லது அதற்குக் கீழே விழ வேண்டும். பாதி அல்லது அதற்குக் கீழே விழுந்தால் கடினமான காரியமும் முடியும்.

படுத்துப்போன குழுவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பதிவு வழி ஆட்டங்களில் பெரும்பாலானவை அப்படித்தான் போகும். ஒரு தடயத்தைத் தேடிப் பகடை தோற்றுவிட்டால், மேசையில் அது ஐந்து நிமிட இடைஞ்சல். எழுத்தில் ஒரு வாரம். அந்த வாரத்தில் ஆட்கள் சலித்துப் போய்விடுவார்கள். 2008இல் வந்த 'ட்ரெயில் ஒஃப் கத்துலு' இதற்கென்றே ஒரு வழி வைத்திருக்கிறது. அவசியமான தடயத்துக்குப் பகடையே இல்லை, சரியான இடத்தில் சரியான திறமையோடு தேடினால் கிடைத்துவிடும். உங்கள் கதை நடத்துநரிடம் இதைக் கேளுங்கள். மூன்று நான்கு பேருக்கு மேல் உள்ள குழுவில் சேராதீர்கள்.

உப்புநீர்விளக்கு:

தங்கச்சி, அண்ணா சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன், ஏனென்றால் அது அண்ணாமாருக்கு நடப்பதில்லை. பெண் என்று தெரிந்ததும் தனிச் செய்தியில் வந்து "முதலில் நாங்கள் இருவரும் ஆடிப் பழகுவோம்" என்பார்கள். பகடையும் இருக்காது, விதியும் இருக்காது, மூன்றாம் நாள் படம் கேட்பார்கள். நல்ல கதை நடத்துநர் எல்லாவற்றையும் பொது இழையில்தான் பேசுவார். சொந்தப் பெயர், கிராமம், முன்பள்ளி எதையும் போடாதீர்கள். முதல் வரியிலேயே ஊரைச் சொல்லிவிட்டீர்கள். இங்கே பரவாயில்லை, அங்கே வேண்டாம். சேருவதற்குக் கட்டணம் கேட்டால் வெளியே வந்துவிடுங்கள். காசுக்கு நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுவார்கள்.

ஏழாவது குழுவில் என்ன நடந்தது? இப்படி ஏதாவதா?

முதிரைநிழல்:

இல்லை அக்கா. அவர்கள் நல்லவர்கள்.

சரி, சொல்கிறேன். ஐரோப்பியப் போர்க்காலக் கதை. நான் ஒரு தாதி. கதை நடத்தியவர் எங்களைப் பதுங்குகுழிக்குள் இறக்கினார். மேலே செல் விழுகிறது. உள்ளே இருட்டில் ஏதோ ஒன்று மூச்சு விடுகிறது. மற்ற மூவரும் மூச்சு விடுவதைப் பற்றி எழுதினார்கள். நான் மண் மூட்டையைப் பற்றி எழுதினேன். அது உரப்பையா, சீலையில் தைத்ததா, சீலை என்றால் என்ன நிறம் என்று. "எவ்வளவு தத்ரூபம்" என்று ஒருவர் பாராட்டினார்.

பிறகு மனநிலைப் பகடை, அதாவது பயங்கரத்தைக் கண்ட பாத்திரத்தின் புத்தி தாங்குமா என்று பார்ப்பது. தோற்றேன், ஆறு புள்ளி போயிற்று. அந்த ஆட்டத்தில் ஒரே தடவையில் ஐந்து புள்ளியோ அதற்கு மேலோ போனால் அறிவுப் பகடை உருட்ட வேண்டும். அதில் தோற்றால் நல்லது. கண்டதை மனம் மூடி மறைத்துவிடும். வென்றால்தான் நடந்தது முழுவதும் விளங்கிப் புத்தி பேதலிக்கும். 2009இல் எனக்கு ஏழு வயது. நான் அந்தப் பகடையை உருட்டவில்லை. தொலைபேசியை அணைத்துவிட்டுப் போய் அம்மம்மாவுக்குப் பக்கத்தில் படுத்துவிட்டேன். மூன்று நாள் கழித்து "சுகமில்லை" என்று பொய் எழுதி விலகினேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் திகில் ஆட்டம் என்று கேட்பீர்கள். எனக்கு அந்த ஆட்டம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

பகடைப்பத்து:

தங்கச்சி, இதைக் கேட்காமல் முதல் பதிவில் பெரிய பாடம் எடுத்துவிட்டேன்.

இதற்கும் ஒழுங்கு இருக்கிறது. அந்தக் கதை நடத்துநர் அதைச் செய்யாததுதான் குறை, கெட்ட எண்ணத்தால் அல்ல. ஆட்டம் தொடங்குமுன் ஒரு பூச்சிய அமர்வு வைப்பார்கள். அதில் கோடும் திரையும் பேசப்படும். ரொன் எட்வர்ட்ஸ் என்ற ஆட்ட வடிவமைப்பாளர் கொண்டுவந்த முறை. கோடு என்றால் அது கதைக்குள் வரவே கூடாது. திரை என்றால் நடக்கலாம், ஆனால் மறைவில், விவரிக்கக் கூடாது. காரணம் சொல்ல வேண்டியதில்லை. "பதுங்குகுழி, செல்வீச்சு: கோடு" என்று ஒரு வரி போதும், ஏன் என்று கேட்கிறவர் இருக்கும் குழுவில் சேராதீர்கள். நடுவில் ஏதாவது வந்துவிட்டால் எக்ஸ் எழுத்தை மட்டும் தட்டினால் போதும், காட்சி அங்கேயே மாறும். இதற்கு எக்ஸ் அட்டை என்று பெயர். ஜோன் ஸ்டவ்ரோபொலஸ் என்பவர் உருவாக்கியது. எழுத்து ஆட்டத்தில் இன்னொரு வசதியும் உண்டு. டிஸ்கோர்டில் ஒரு பகுதியின் முன்னும் பின்னும் இரண்டிரண்டு நிமிர்கோடு போட்டால் அது மறைந்துவிடும், விரும்புகிறவர் மட்டும் தட்டித் திறக்கலாம். குரலில் இது முடியாது.

விண்ணப்பம் போடும் இடத்தில் "கோடும் திரையும் பேசுவீர்களா?" என்று நீங்களே கேளுங்கள். பதிலைப் பார்த்தே ஆளை அளந்துவிடலாம்.

பாலைப்பழம்:

நான் கொஞ்சம் மாறி நினைக்கிறேன். பதுங்குகுழியைக் கோடு போட்டு விலக்கிவிட்டால், அதை ஐரோப்பியர்கள்தான் தொடர்ந்து கதையாக்கிக்கொண்டிருப்பார்கள். எங்களுக்கு நடந்ததை நாங்களே எழுதி ஆடினால் என்ன? நான் புதுக்குடியிருப்பு. நான் ஆடுவேன்.

முதிரைநிழல்:

நீங்கள் ஆடுங்கள் அண்ணா, பிழையில்லை. நான் இரவு ஒன்பதுக்கு ஆடிவிட்டுக் காலையில் முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் பாட்டுப் பாட வேண்டும்.

பாலைப்பழம்:

சரி தங்கச்சி. என்றைக்காவது ஆடுவதென்றால் தெரிந்தவர்களோடு மட்டும் ஆடுவேன். அதை "தத்ரூபம்" என்று பாராட்டுகிறவர்களோடு அல்ல. அதுவரை வேறு ஏதாவது ஆடலாம் என்றால் நானும் வருகிறேன்.

காவற்கொட்டில்:

பகிடி விட்டவன் திரும்ப வந்திருக்கிறேன். வயது அறுபத்தெட்டு, பகடை எனக்குத் தாயத்தில்தான் பழக்கம். ஆனால் கதை என்றால் சொல்லலாம்.

அந்த ஆட்டம் 1920களில் நடப்பது என்று பேரன் சொன்னான். அப்படியென்றால் கொஞ்சம் தள்ளி 1936க்கு வாருங்கள். யாழ்ப்பாணத்து ஆட்களைக் கொண்டுவந்து கிளிநொச்சியில் குடியேற்றத் தொடங்கிய வருடம். என் அப்பு சின்னப் பையனாகத் தகப்பனோடு வந்தவர். சுற்றிவரக் காடு. மலேரியாக் காய்ச்சல். யானை வரும், கரடி வரும். பயிர் விளைந்துவிட்டால் மரத்தில் பரண் கட்டி இரவிரவாகக் காவல். தகரத்தைத் தட்டிக்கொண்டு ஒரு பரணிலிருந்து அடுத்த பரணுக்குக் கூவுவார்களாம், நித்திரை வராமலிருக்க. பதில் கூவல் வரவில்லை என்றால் அந்த ஆள் நித்திரையாகிவிட்டான். அல்லது.

காய்ச்சல்காரனுக்குத் தெரிவதும் காட்டில் உண்மையாக இருப்பதும் வேறு வேறு என்று யாரால் சொல்ல முடியும்? கொள்ளிவாய்ப் பேய் சதுப்பில் எரியும். குளக்கட்டில் ஐயனார் இருப்பார், ஆனால் வந்தவர்களை அவருக்குத் தெரியாது, அவர்களுக்கும் அவரைத் தெரியாது. அப்பு ஒரு விதி சொல்லித் தந்தார்: இரவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் தரம் கூப்பிடும்வரை வாய் திறக்காதே. மனிதன் மூன்று தரம் கூப்பிடுவான். மற்றது இரண்டோடு நிறுத்திவிடும்.

செல் இல்லை, குழி இல்லை. பயம் தாராளமாக இருக்கிறது.

பகடைப்பத்து:

ஐயா! அந்த "அல்லது" என்ற சொல்லுக்கே மனநிலைப் புள்ளி ஒன்று போய்விட்டது.

நான் நடத்துகிறேன். தமிழிலேயே. முதிரைநிழல், பாலைப்பழம், ஐயா என்று மூன்று பேர். பேரன் பகடை உருட்டிக் கொடுக்கட்டும். ஆறு வாரத்தில் முடிகிற சின்னக் கதை. நாளுக்கு ஒரு பதிவு. இரண்டு நாள் எழுதாதவரின் பாத்திரம் காய்ச்சலில் படுத்திருக்கும், திரும்பி வந்தால் எழும்பும். கோடும் திரையும் ஞாயிறு பேசுவோம், முதல் கோடு ஏற்கெனவே போட்டாகிவிட்டது.

உப்புநீர்விளக்கு:

எனக்கு எழுத வராது, வாசிக்க வருகிறேன். தங்கச்சி, வெளிக்குழுக்களுக்கும் விண்ணப்பத்தை விடாதீர்கள்.

முதிரைநிழல்:

மூன்று வாரத்தின் பின் எழுதுகிறேன், இதே பிரச்சினையோடு வருகிறவர்களுக்காக.

அண்ணா சொன்னபடி நேரத்தையும் ஐந்து வரியையும் எழுதி மூன்று ஆங்கிலக் குழுக்களுக்குப் போட்டேன். இரண்டிலிருந்து பதில் வந்தது. கோடும் திரையும் பேசுவீர்களா என்று கேட்டதற்கு ஒருவர் சிரிக்கும் பொம்மை போட்டார், விட்டுவிட்டேன். மற்றவர் ஒரு படிவமே அனுப்பினார். அடுத்த மாதம் அங்கே தொடங்குகிறேன்.

எங்கள் ஆட்டம் பதினேழாம் நாளில் நிற்கிறது. ஐயா எழுதுகிற பரணில் யாரும் இருக்க மாட்டார்கள், அவ்வளவு பயம். அவருக்கு மாலைக்கண் என்று பாத்திரத்தில் எழுதியிருக்கிறார், அது விதியில் இல்லை, அண்ணா விட்டுவிட்டார். பாலைப்பழம் அண்ணாவுக்குக் காய்ச்சல், நேற்றிலிருந்து பதிவு இல்லை. நேற்று இரவு மின்சாரம் போனபோது கிணற்றடியில் நின்று எழுதினேன்.

குளக்கட்டிலிருந்து யாரோ என் பாத்திரத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கேட்டல் திறமை 40. பகடையில் விழுந்தது 63. இப்போது கூப்பிட்டது இரண்டாம் தரமா, மூன்றாம் தரமா என்று அவளுக்குத் தெரியாது. பத்து மணிக்குள் நான் பதிவு போட வேண்டும்.