ஆஃப் மாரத்தான் 1:52-ல இருந்து 1:45-க்கு: கார்பன் பிளேட் ஷூ வாங்கலாமா?

பாளை_காலைஓட்டம்:
ஆஃப் மாரத்தான் (21.1 கி.மீ.) இப்ப 1 மணி 52 நிமிஷம். ஜனவரியில சென்னையில 1:45-க்குள்ள முடிக்கணும். எடை 74 கிலோ, வாரம் 40 கி.மீ., முன்பாதம் அகலம். பயிற்சி பூரா பாளை, பெருமாள்புரம், கே.டி.சி. நகர் தார் ரோட்டுல. இப்ப போடுறது 290 கிராம் ஈ.வி.ஏ. (சாதா வகை) ஃபோம் ஷூ, சைஸ் யூ.கே. 9. இந்த வேகத்துக்கு, அடிப்பாகத்துக்குள்ள கார்பன் தகடு (பிளேட்) வச்ச ஷூவால பலன் உண்டா? இன்ஸ்டாகிராம்ல 3,500 ரூபாய்க்கு நைக்கியோட கார்பன் ரேஸ் ஷூ, ஒரிஜினல் வேப்பர்ஃபிளைன்னு போடுறாங்களே, நம்பலாமா? வாங்கினா எப்படிப் பழகணும்?

அம்பை_நெடுந்தூரம்:
அண்ணாச்சி, மொதல்ல கணக்கைப் பாத்துருவோம். 1:52-ன்னா 112 நிமிஷம். 105-க்கு வரணும்னா 6 சதவீதத்துக்கு மேல குறையணும். 2017-ல வேப்பர்ஃபிளை வந்தப்ப எல்லாரும் பேசின 4 சதவீதம் நேரத்தைப் பத்தினது இல்ல. ஒரே வேகத்துல ஓடும்போது உடம்பு செலவழிக்கிற சக்தி அவ்வளவு குறைஞ்சுதுன்னு அர்த்தம். அதுவும் அமெரிக்காவுல கொலராடோவுல 18 நல்ல ஓட்டக்காரங்களை மணிக்கு 14, 16, 18 கி.மீ. வேகத்துல ஓடவிட்டு எடுத்த சராசரி. நீங்க ஓடுதது மணிக்கு 11.3. பின்னால 10, 12 கி.மீ. வேகத்துல சோதிச்சப்ப சராசரி 1 சதவீதத்தை ஒட்டித்தான் வந்துச்சு. ஆளுக்கு ஆள் வித்தியாசம் வேற, சிலருக்குச் செலவு கூடவே செஞ்சுது. ஆக உங்களுக்கு ஒரு நிமிஷம், மிஞ்சிப்போனா ஒன்றரை. பாக்கி அஞ்சரை நிமிஷத்தைப் பயிற்சிதான் தரணும்.

அந்த ஒரு நிமிஷத்துலயும் பிளேட்டோட பங்கு கொஞ்சம்தான். ஷூவில 100 கிராம் குறைஞ்சா ஓட்டச் செலவு ஏறக்குறைய 1 சதவீதம் குறையும். உங்க 290 கிராம் ஷூவை விட்டு 200 கிராம் ஷூவுக்கு மாறினாலே பாதிக்கு மேல வேலை முடிஞ்சுது. அடுத்தது ஃபோம். அதே கொலராடோ சோதனையில வேப்பர்ஃபிளையில உள்ள பெபா ஃபோம், அமுக்கின சக்தியில 87 சதவீதத்தைத் திருப்பிக் குடுத்துச்சு. கூட வச்சுப் பாத்த மத்த ரெண்டு ரேஸ் ஷூவும் 76, 66 சதவீதம். பிளேட்டைக் குறுக்க அறுத்துட்டு ஓடவிட்டுப் பாத்த ஆய்வும் இருக்கு, பலன் பெருசா குறையல.

அப்ப பிளேட் எதுக்குன்னு கேப்பீங்க. 40 மில்லிமீட்டர் உசரத்துக்கு மெத்து மெத்துன்னு இருக்கிற ஃபோம் கோணாம நிக்கணும்லா, அதுக்கு. விரல் மூட்டு மடங்குறதைக் குறைச்சு பாதத்தை முன்னால உருட்டியும் விடும். ஸ்பிரிங் மாதிரி தள்ளும்னு கடையில சொல்லுதது வியாபாரப் பேச்சு. அதனால "கார்பன் இருக்கா"ன்னு கேக்காதீங்க, "என்ன ஃபோம், எத்தனை கிராம்"னு கேளுங்க. சாதா ஈ.வி.ஏ.வுக்குள்ள கார்பனைச் சொருகின மலிவு ஷூ மரக்கட்டை மாதிரி அடிக்கும்.

தச்சநல்லூர்_தார்ரோடு:
3,500 ரூபாய்க்கு வேப்பர்ஃபிளையா! ஒரிஜினல் பல மடங்கு விலை. வர்றது காப்பிதான், சந்தேகமே வேண்டாம்.

யாராவது வாங்கி வச்சிருந்தா பலசரக்குக் கடை எலெக்ட்ரானிக் தராசுல ஒத்தை ஷூவை வச்சுப் பாருங்க. யூ.கே. 9-ல ஒரிஜினல் 200 கிராமைச் சுத்தி நிக்கும். 250-ஐத் தாண்டினா உள்ள இருக்கிறது ஈ.வி.ஏ. அடுத்து, குதிகாலையும் நுனியையும் பிடிச்சு வளைங்க. பிளேட் உள்ளது விரல் மடங்குற இடத்துல மடங்காது, மொத்தமா விறைச்சு நிக்கும். காப்பியில பிளாஸ்டிக் தகடு வச்சும் விறைப்புக் காட்டுறான், அதனால எடைதான் நம்பகமான சாட்சி. ஷூவோட நாக்குல ஒட்டின சீட்டுல உள்ள மாடல் எண்ணும் பெட்டியில உள்ளதும் ஒண்ணா இருக்கணும்.

காசு மிச்சம் பிடிக்கணும்னா புது மாடல் வந்ததும் பழைய மாடல் விலை இறங்கும், அப்ப வாங்குங்க. சீட்டுல தயாரிச்ச தேதி பாத்துக்கிடுங்க. ரெண்டு மூணு வருஷம் குடோன்ல வெந்து கிடந்ததுன்னா அடிப்பக்கம் பசை விட்டுப்போகும். இன்னொரு வழி, பிளேட்டே இல்லாத அசிக்ஸ் சூப்பர்பிளாஸ்ட், இல்லன்னா நைலான் பிளேட் வச்ச சாக்கனி எண்டார்ஃபின் ஸ்பீட். ரெண்டையும் பயிற்சிக்குப் போடலாம். எண்டார்ஃபின் ஸ்பீடை ரேஸுக்கும் போடலாம்; சூப்பர்பிளாஸ்ட்டோட அடிப்பாகம் ரேஸ் வரம்பான 40 மில்லிமீட்டரைத் தாண்டும். வாரம் 40 கி.மீ. ஓடுற ஆளுக்கு என் ஓட்டு இதுக்குத்தான்.

குறுக்குத்துறை_பிசியோ:
பழகுற முறையைச் சொல்லுதேன். அதுக்கு முன்னால ஒரு சோதனை: செருப்பில்லாம ஒத்தைக் கால்ல நின்னு குதிகாலைத் தூக்கி இறக்குங்க. ஒரு காலுக்கு 25 தடவை நிதானமா வரலன்னா ஷூவைத் தள்ளிப்போட்டு மொதல்ல கெண்டைக்காலைப் பலப்படுத்துங்க. வாரம் 3 நாள், 3 சுற்று, 6 வாரம்.

அதுக்கப்புறம் முதல் வாரம் 4 கி.மீ. மெதுவா ஓடிட்டு 100 மீட்டர் வேக ஓட்டம் 6, அவ்வளவுதான். ரெண்டாம் வாரம் 8 கி.மீ., அதுல நடுவுல 4 கி.மீ. ரேஸ் வேகம். மூணாம், நாலாம் வாரம் வாரத்துக்கு ஒரே தடவை, 12-ல இருந்து 14 கி.மீ., பாதிக்கு மேல ரேஸ் வேகம். மொத்தம் 40 கி.மீ. ஆனதும் நிறுத்திருங்க. ரேஸுக்கு முந்தின 10 நாள்ல 5 கி.மீ. ஒரு தடவை போதும். மத்தபடி மெதுவான ஓட்டத்துக்கு இதைப் போடாதீங்க. மெதுவா ஓடும்போது குதிகாலை ஊனி விழுவோம், உசரமான மெத்து ஃபோம் ஆடும், கணுக்கால் சுளுக்கும்.

மறுநாள் கெண்டைக்கால் கனத்துக் கிடந்தா பரவாயில்ல. பாதத்து மேல, கணுக்காலுக்கு முன்னால உட்பக்கம் விரலால அமுக்கினா ஒரே புள்ளியில சுருக்குன்னு வலிச்சா ஓட்டத்தை அன்னைக்கே நிறுத்துங்க. அது நாவிகுலர் எலும்பு. இந்த ஷூ போட்டவங்க 5 பேருக்கு அதுல அழுத்த முறிவு வந்ததை 2023-ல மருத்துவ இதழ்ல எழுதினாங்க. அஞ்சு பேரை வச்சு ஷூதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் கம்மி, ஆற மாசக்கணக்காகும். சாதா எக்ஸ்ரேயில பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ. எடுக்கணும்.

தாமிரபரணி_21:
ரோட்டைப் பத்தி யாரும் சொல்லல. இந்த ஷூக்கள்ல அடிரப்பர் மெல்லிசு, பல மாடல்ல ஓரத்துல ரப்பரே இல்லாம ஃபோம் நேரா ரோட்டுல படும். ஒட்டுப்போட்ட ரோட்டுல பெயர்ந்து கிடக்கிற ஜல்லி அதைக் கிழிச்சிரும். ஈரத்துல வெள்ளைக் கோடு, சீப்ரா கோடு ரெண்டுலயும் வழுக்கும். சாரல் நாள்ல தென்காசிப் பக்கம் ஓடுறவங்க கூடுதலா பாத்துக்கிடணும். யூ-டர்ன்ல ஒரே வெட்டா திரும்பாதீங்க, அகலமா வளைஞ்சு வாங்க.

நம்ம ஊர் வெக்கையில தண்ணி ஸ்டால்ல தலையில ஊத்துவோம், அது வழிஞ்சு ஷூவுக்குள்ள இறங்கும். எடை கூடும், கொப்புளம் வரும். குனிஞ்சு நின்னு பிடரியில ஊத்துங்க. மே மாசம் பூட்டின கார்ல ஷூவை வைக்கவே வைக்காதீங்க, பசை இளகும். கழுவ பச்சைத்தண்ணியும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். உள்ள செய்தித்தாளைத் திணிச்சு நிழல்ல காயவைங்க.

பாளை_காலைஓட்டம்:
நன்றி அண்ணாச்சிமாரே. முன்பாதம் அகலமா இருக்கே, ஒரு சைஸ் கூட எடுக்கலாமா? எத்தனை கிலோமீட்டர் தாங்கும்?

தச்சநல்லூர்_தார்ரோடு:
முழு சைஸ் கூட்டினா குதிகால் நழுவும், பிளேட் வளைவா இருக்கிற இடமும் உங்க விரல் மூட்டுக்கு முன்னால போயிரும். அரை சைஸ் கூட்டுங்க, இல்லன்னா அகலமான வேற மாடல் பாருங்க. சாயங்காலம், ஓட்டத்துக்குப் போடுற அதே சாக்ஸோட போட்டுப் பாக்கணும். நுனியில கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேணும். சுண்டுவிரல் மரத்துப்போனா அந்த மாடல் உங்களுக்கு ஆகாது.

ஆயுள் சுமாரா 300 கி.மீ., 74 கிலோவுக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். தரையில வச்சுப் பின்னால இருந்து பாருங்க: ஒரு பக்கம் சாஞ்சு நின்னாலோ, பக்கவாட்டு ஃபோம்ல சுருக்கம் விழுந்து விரியாம இருந்தாலோ ரேஸுக்கு ஆகாது. ஓடும்போது டிக் டிக்னு சத்தம் வந்தா பிளேட் விரிசல் விட்டுருக்கலாம், அதை ஓரமா வச்சிருங்க.

அம்பை_நெடுந்தூரம்:
பெருசா தெரியுதேன்னு அடிடாஸ் பிரைம் எக்ஸ் எடுத்துராதீங்க. அதோட அடிப்பாக உசரம் 50 மில்லிமீட்டர். ரோடு ரேஸுக்கு உலகத் தடகள அமைப்பு 2020-ல வச்ச வரம்பு 40 மில்லிமீட்டர், ஒரே பிளேட். பயிற்சிக்கு வேணா போட்டுக்கிடலாம்.