ரோமில் ஓர் ஓட்டாஞ்சில்லு மலை

போன ஏப்ரலில் நான், மனைவி, அம்மா மூன்று பேரும் ரோமில் ஆறு நாள் இருந்தோம். கொலோசியம், ஃபோரம், வாத்திகன் எல்லாம் பார்த்தோம். அவற்றைப் பற்றிப் பலரும் எழுதியாகிவிட்டது. நான் சொல்ல வந்தது டெஸ்டாச்சோ என்கிற பேட்டையைப் பற்றி. நகரத்தின் தெற்கே, டைபர் ஆற்றை ஒட்டி இருக்கும் பழைய தொழிலாளர் குடியிருப்பு அது. ரோமுக்கு யார் சோறு போட்டார்கள் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் அந்த ஊரில் இல்லை என்பது என் எண்ணம்.

மெட்ரோவில் பிரமிடே ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தால் நிஜமாகவே ஒரு பிரமிடு நிற்கிறது. கேஸ்டியுஸ் என்ற ரோமானிய அதிகாரியின் கல்லறை. சுமார் 36 மீட்டர் உயரம், கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. 330 நாளில் முடித்தோம் என்று அதன்மேலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டோம்.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கட்டடங்களுக்கு நடுவே புல்லும் மரமும் மண்டிய ஒரு குன்று. மோன்தே டெஸ்டாச்சோ. தூரத்திலிருந்து பார்க்கும்போது சாதாரண மண்மேடுதான். கிட்டே போனதும்தான் அது மண்மேடு இல்லை என்று தெரிகிறது. அடியிலிருந்து உச்சி வரை உடைந்த ஜாடிகள். லத்தீனில் டெஸ்டா என்றால் ஓடு. பெயரே ஓட்டாஞ்சில்லு மலைதான். சுமார் 35 மீட்டர் உயரம், சுற்றி வந்தால் ஒரு கிலோமீட்டர். ஐந்து கோடிக்கும் மேற்பட்ட ஜாடிகளின் சில்லுகள் இதில் இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

எதற்கு இத்தனை ஜாடி? எண்ணெய்க்கு. ரோமின் ஆலிவ் எண்ணெயில் பெரும்பகுதி பேட்டிகா மாகாணத்திலிருந்து, அதாவது இன்றைய தென் ஸ்பெயினிலிருந்து, கப்பலில் வந்தது. மீதி வட ஆப்பிரிக்காவிலிருந்து. ஆம்ஃபோரா என்ற குண்டு ஜாடி ஒன்றில் சுமார் 70 லிட்டர் பிடிக்கும். காலி ஜாடியே 30 கிலோ கனம். ஆற்றுத் துறையில் இறக்கி எண்ணெயை மாற்றிக்கொண்டதும் ஜாடி மட்டும் மிஞ்சும். வேறு சரக்கு வந்த ஜாடி என்றால் இன்னொரு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம், இடித்துக் கட்டடக் காரையில் கலக்கலாம். எண்ணெய் ஊறிய ஜாடி அதற்கெல்லாம் சரிப்படாது. காறல் வாடை அடிக்கும். அதனால் உடைத்தார்கள். உடைத்துக் கண்ட இடத்தில் கொட்டவும் இல்லை. அடியில்லாத ஜாடிகளைச் சுவர் மாதிரி வரிசையாக நிறுத்தி, அதற்குள்ளும் பின்னாலும் சில்லுகளை நிரப்பி, வாடை அடங்கச் சுண்ணாம்பு தூவி, படிப்படியாக மேலே ஏற்றினார்கள். கி.பி. முதல் நூற்றாண்டிலிருந்து மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்த வேலை நடந்திருக்கிறது.

முதல் நாள் போனபோது இரும்புக் கேட் பூட்டியிருந்தது. முன்பதிவு செய்து, குழுவாகத்தான் மேலே ஏற முடியும் என்று எங்களுக்குத் தெரியாது. கம்பிகளுக்கு நடுவே எட்டிப் பார்த்துவிட்டு வந்தோம். இரண்டு நாள் கழித்து ஒரு குழுவோடு சேர்ந்துகொண்டோம்.

ஏறும்போது காலடியில் வரும் சத்தத்தை நான் மறக்கவே மாட்டேன். பழைய ஓட்டு வீட்டைப் பிரித்த இடத்தில் நடந்தால் கேட்குமே, அந்தக் கலகல சத்தம். ஆனால் இன்னும் ஆழமாக, உள்ளே காற்று இருப்பது தெரிகிற மாதிரி. பாதையோரம் ஒரு கைப்பிடித் துண்டு கிடந்தது. என் மணிக்கட்டைவிடத் தடிமன். குயவர் ஈரமண்ணை ஜாடியின் கழுத்தோடு அழுத்தி ஒட்டிய இடத்தில் கட்டைவிரல் பள்ளம் அப்படியே இருந்தது. என் விரலை அதில் வைத்துப் பார்த்தேன், சரியாகப் பொருந்தியது. கூட வந்த வழிகாட்டி அம்மையார் அதை இருந்த இடத்திலேயே வைக்கச் சொன்னார். இங்கிருந்து ஒரு சில்லுகூட வெளியே போகக்கூடாது என்பது சட்டம். வைத்துவிட்டேன்.

அதைவிட என்னை அசைத்தது ஜாடிகள்மேல் இருந்த எழுத்து. 1872-ல் ஹைன்ரிஷ் டிரெசல் என்ற ஜெர்மானிய அறிஞர் இந்த மலையில் ஆராயத் தொடங்கினார். அவர் போட்ட வகைப் பட்டியலில் இந்தக் குண்டு ஜாடிக்கு எண் 20. இன்றும் அதை டிரெசல் 20 என்றுதான் சொல்கிறார்கள். மையால் எழுதிய குறிப்புகள் பல சில்லுகளில் அழியாமல் இருந்தன. காலி ஜாடியின் எடை, உள்ளே இருக்கும் எண்ணெயின் எடை, வியாபாரியின் பெயர். ஓரத்தில் சாய்வாக எங்கே, யார் சரிபார்த்தது, எந்த கான்சல்களின் (ஆண்டுதோறும் மாறும் தலைமை அதிகாரிகள்) ஆண்டு என்ற விவரம். எங்கள் அப்பா முப்பது வருடம் மளிகைக் கடை வைத்திருந்தவர். எண்ணெய் டின் வந்து இறங்கியதும் முதல் வேலையாக, டின் எடை போக எவ்வளவு என்று சாக்பீஸால் எழுதி வைப்பார். வழிகாட்டி அந்த நான்கு குறிப்புகளையும் விளக்கியபோது அம்மா என் கையைப் பிடித்து, "உங்கப்பா எழுத்து மாதிரியே இருக்குடா" என்றார். லத்தீன் எழுத்து எங்கே, அப்பாவின் கையெழுத்து எங்கே? ஆனாலும் அம்மா சொன்னது சரிதான்.

இந்த மலையின் அடிவாரத்தைக் குடைந்து பிற்காலத்தில் ஒயின் வைக்கும் நிலவறைகள் கட்டினார்கள். சில்லுகளுக்கு இடையே காற்று ஓடுவதால் கோடையிலும் உள்ளே குளுகுளு என்று இருக்கும். அந்த அறைகளில் பல இன்று உணவகங்கள். நாங்கள் சாப்பிட்ட கடையின் பின்சுவரில் கண்ணாடி பதித்திருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தரையிலிருந்து கூரை வரை சில்லு அடுக்கு. அதைப் பார்த்துக்கொண்டே ஆலிவ் எண்ணெயில் ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட்டோம்.

அப்புறம் சாப்பாட்டு விஷயம். மலைக்கு எதிரிலேயே பழைய மாட்டுத் தொட்டி, அதாவது மாடு அறுக்கும் கூடம், இருக்கிறது, மத்தத்தோயோ என்று பெயர். 1888-ல் கட்டத் தொடங்கி 1891-ல் முடித்தார்கள். 1975 வரை ரோமுக்கு இறைச்சி அங்கிருந்துதான். இப்போது கலைக் கண்காட்சிக் கூடமும் கல்லூரியும் இருந்தாலும், இறைச்சியை மாட்டித் தள்ளிய தண்டவாளங்களும் கொக்கிகளும் அப்படியே தொங்குகின்றன. நல்ல கறியெல்லாம் வசதியானவர்கள் வீட்டுக்குப் போய்விடும். தொட்டியில் வேலை செய்தவர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாக வால், குடல், இரைப்பை, ஈரல் கொடுப்பார்கள். நான்கு கால் பங்கு போக மிஞ்சியது என்பதால் இதற்கு குவின்தோ குவார்தோ, ஐந்தாவது கால் பங்கு, என்று பெயர். அந்த வீட்டுப் பெண்கள் அதை வைத்துச் செய்த சமையல்தான் இன்று ரோமின் பெருமை.

நான் கேட்டது கோதா அல்லா வாச்சினாரா. மாட்டு வாலைத் தக்காளியிலும் நிறைய செலரியிலும் மணிக்கணக்கில் வேகவைப்பது. முள்கரண்டி பட்டதும் எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்றது. எலும்பின் பசை குழம்பில் இறங்கி உதடு ஒட்டியது. மனைவி கேட்டது திரிப்பா, அதாவது இரைப்பை. நம் போட்டிக் கறிக்கு அண்ணன் தம்பி. அதில் புதினா வகைக் கீரை ஒன்றைப் போட்டு, மேலே பெக்கொரினோ சீஸைத் துருவிக் கொட்டுகிறார்கள். குடல் கழுவி ஆக்கத் தெரிந்த வீட்டில் வளர்ந்த எங்களுக்கு, இதில் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மா சைவம். அவருக்குப் பெரிய பூமொட்டு மாதிரி இருக்கும் ஆர்ட்டிசோக்கை (தமிழில் கூனைப்பூ) முழுசாக எண்ணெயும் பூண்டும் சேர்த்து வேகவைத்துக் கொடுத்தார்கள். ஏப்ரல் அதற்கு நல்ல பருவம். இரண்டு சாப்பிட்டார்.

*

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் ரோமில் இரண்டு வருடம் படித்தவள். டெஸ்டாச்சோ எனக்கும் பிடித்த இடம். ஆனால் சோறு போட்டவர்கள் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது எவுரிசாகேஸ். போர்த்தா மஜ்ஜோரே என்ற வாசலுக்கு வெளியே அவர் கல்லறை இருக்கிறது. சுற்றிலும் டிராம் வண்டிகள் கடகடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். இறங்கிப் பார்ப்பவர்கள் ரொம்பக் குறைவு.

அவர் ஒரு ரொட்டிக்காரர். அரசுக்கு ரொட்டி ஒப்பந்தம் எடுத்தவர். முன்னால் அடிமையாக இருந்து விடுதலை ஆனவராக இருக்கலாம் என்கிறார்கள். கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் தனக்குக் கல்லறை கட்டும்போது தொழிலையே கல்லில் செதுக்கச் சொல்லியிருக்கிறார். சுவரில் வரிசையாக வட்டத் துளைகள். மாவு பிசையும் தொட்டியின் வடிவம் என்று பலர் நினைக்கிறார்கள். மேலே ஓடும் பட்டையில் கழுதை திரிகை சுற்றுகிறது, ஆட்கள் மாவு சலிக்கிறார்கள், மேசையில் உருட்டுகிறார்கள், ஒருவர் நீளக் கரண்டியால் அடுப்புக்குள் தள்ளுகிறார், கடைசியில் பெரிய தராசில் கூடைகளை நிறுக்கிறார்கள். நான் குளிர்காலத்தில் காலை வகுப்புக்குப் போகும்போது அங்கே இறங்கி, அந்த அடுப்புக்காரரைப் பார்த்துவிட்டு அடுத்த டிராம் பிடிப்பேன்.

அவர் மனைவி பெயர் அதிஸ்தியா. அங்கே கிடைத்த கல்வெட்டு, அவளுடைய எஞ்சிய உடல் இந்த ரொட்டிக் கூடையில் இருக்கிறது என்று சொல்கிறது. இதை முதலில் வாசித்த அன்று எனக்குக் கண் கலங்கியது. வீட்டை விட்டுத் தனியாக இருந்த வருடம் அது.

நகரமதிலோடு சேர்த்துக் கட்டிய கோபுரத்துக்குள் இந்தக் கல்லறை பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்தது. 1838-ல் அந்தப் பிற்காலக் கட்டடத்தை இடித்தபோதுதான் வெளியே வந்தது.

*

இரண்டு பேரும் எண்ணெயையும் ரொட்டியையும் சொல்லிவிட்டீர்கள், நான் மிளகைச் சொல்கிறேன்.

எனக்குப் புதுச்சேரி. அரிக்கமேட்டில் கிடைத்த ரோமானிய ஆம்ஃபோரா சில்லுகளை எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் பள்ளிக்கூட நாளிலேயே பார்த்திருக்கிறேன். அதனால் ரோமுக்குப் போனபோது நான் தேடியது மிளகுக் கிடங்கு. ஃபோரத்தில் பேரரசர் மாக்சென்டியுஸ் கட்டத் தொடங்கிய பசிலிக்கா என்ற பெரிய பொது மண்டபத்தின் மூன்று வளைவுகள் நிற்கின்றனவே, அதன் அடியில்தான் டொமிஷியன் பேரரசர் காலத்து ஹொர்ரேயா பிப்பெரடாரியா இருந்தது. ஹொர்ரேயா என்றால் கிடங்கு, பிப்பெர் என்றால் மிளகு. பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் தன் காலத்து விலையைக் குறித்திருக்கிறார்: கருமிளகு ராத்தல் 4 தினாரி (ரோமானிய வெள்ளிக் காசு), திப்பிலி 15 தினாரி. காரம் ஒன்றைத் தவிர இதில் என்ன இருக்கிறது, இதற்காக இந்தியா வரை போக வேண்டுமா என்று அங்கலாய்க்கவும் செய்திருக்கிறார். அந்தக் கருமிளகு கப்பலேறிய முக்கியத் துறைமுகங்களில் ஒன்று சேர நாட்டு முசிறி. யவனர் பொன்னோடு வந்து கறியோடு திரும்பினார்கள் என்று அகநானூறு சொல்வதும் அதைத்தான். கறி என்றால் அங்கே மிளகு.

அந்த வளைவுகளுக்கு முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று இரவு காச்சோ எ பெப்பே சாப்பிட்டேன். பாஸ்தா, பெக்கொரினோ சீஸ், மிளகு, பாஸ்தா வெந்த தண்ணீர், அவ்வளவுதான். வெண்ணெய் கிடையாது, கிரீம் கிடையாது. மிளகை வாணலியில் லேசாக வறுத்துக் கொரகொரவென்று இடித்துப் போட்டிருந்தார்கள். வாசனை மேசைக்கு வரும் முன்பே வந்துவிட்டது. ரோமானியர்கள் தக்காளியைக் கண்டதில்லை, மிளகாயையும் கண்டதில்லை. நம் முன்னோர்களும் அப்படித்தான். அந்தத் தட்டில் இருந்த காரம் இரண்டு பேருக்கும் பொதுவானது.

*

ஐயா, டெஸ்டாச்சோவைப் பற்றி எழுதிய நான்தான். மிளகுக் கிடங்கு தெரியாமல் அந்த வளைவுகளுக்குக் கீழே நடந்து வந்திருக்கிறேனே என்று மனது அடித்துக்கொள்கிறது. தங்கை சொன்ன ரொட்டிக்காரரையும் விட்டுவிட்டேன். இரண்டுக்காகவும் இன்னொரு முறை போவேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். சைவக்காரர்கள் பெக்கொரினோ ரோமானோவைக் கவனியுங்கள். அதை உறைய வைப்பது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள். இது தெரிந்ததும் அம்மா காச்சோ எ பெப்பே வேண்டாம் என்றுவிட்டார். பூண்டும் எண்ணெயும் மட்டும் போட்ட பாஸ்தா கேட்டால் செய்து தருகிறார்கள்.

தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம். தெருவெங்கும் நாசோனே என்ற இரும்புக் குழாய்கள் இருக்கின்றன, 1874-லிருந்து. இடைவிடாமல் ஓடுகிற நல்ல குடிநீர். குழாய் வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சின்ன துளை வழியாகத் தண்ணீர் வளைந்து வரும், குனியாமல் குடிக்கலாம். அம்மாவுக்கு மூட்டுவலி, அந்தத் துளை பெரிய உதவி.

மலை ஏற முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். மேலே ஒரு சிலுவை நட்டிருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் மாட்டுத் தொட்டி, மார்க்கெட், பிரமிடு எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். திரிப்பா சாப்பிட வேண்டும் என்றால் நாள் பார்த்துப் போவது நல்லது. வியாழன் நியோக்கி (உருளைக்கிழங்கு மாவு உருண்டை), வெள்ளி மீன், சனி திரிப்பா என்று ரோமில் ஒரு வழக்கு உண்டு. நாங்கள் போனது சனிக்கிழமை. பக்கத்து மேசையில் தாத்தா, மகன், பேரன் மூன்று பேரும் அதையேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பேரனுக்குத் தாத்தா ரொட்டியால் குழம்பை வழிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.