மறு: எர்கனாமிக்ஸுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

இழையை முதலிலிருந்து வாசித்தேன். ஓய்வு பெறவிருக்கும் பேராசிரியர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதும் தோழர் கேட்டது இவ்வளவுதான்:

> எர்கனாமிக்ஸ், ஹியூமன் ஃபேக்டர்ஸ் இன்ஜினியரிங், போஸ்ச்சர். இந்த மூன்றுக்கும் தமிழ் வேண்டும். முதலாவதற்குப் 'பணிச்சூழலியல்' என்று இணையத்தில் பார்த்தேன். அதையே போட்டுவிடலாமா?

போடலாம். யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. ஆனால் கருவியையும் வேலையிடத்தையும் மனிதனுக்குப் பொருந்த அமைக்கும் இதே துறையில் ஆய்வு மாணவனாக நுழைந்து, பாடம் நடத்தித் தலை நரைத்தவன் என்ற முறையில் எனக்கும் அந்தச் சொல்லுக்கும் ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. 'சூழலியல்' என்றதும் படிப்பவர் மனத்தில் காடும் ஆறும் மாசும் வந்து நின்றுவிடுகின்றன. ஒருமுறை 'பணிச்சூழலியல்: ஓர் அறிமுகம்' என்று அறிவிப்பு ஒட்டிக் கூட்டம் நடத்தினோம். வந்தவர்களில் சிலர் அலுவலகத்துக்குள் என்ன செடி வளர்க்கலாம் என்று கேட்க வந்திருந்தார்கள். இன்னும் சிலர் மேலதிகாரியின் வாயைப் பற்றிப் பேச வந்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 'பணிச்சூழல் சரியில்லை' என்றால் நம் பேச்சில் அதற்கு அதுதானே பொருள்? நான் கொண்டுபோயிருந்ததோ ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியின் விட்டம் பற்றிய 40 படங்கள்.

மூலச்சொல்லில் சூழல் எங்குமே இல்லை. 1857இல் போலந்து நாட்டு அறிஞர் வோய்ச்செக் யாஸ்ட்ஷெம்போவ்ஸ்கி கிரேக்கத்திலிருந்து வேலையைக் குறிக்கும் 'எர்கோன்', விதியைக் குறிக்கும் 'நோமோஸ்' இரண்டையும் எடுத்துக் கோத்தார். அது வெளியே பரவாமல் கிடந்தது. 1949இல் பிரிட்டனில் ஹைவெல் மரலும் அவருடைய கூட்டாளிகளும் சங்கம் ஒன்றைத் தொடங்கி, பெயர் தேடியபோதுதான் அதே சொல் மறுபடி பிறந்தது. இதை வைத்து இழையில் ஒருவர் 'உழைப்பியல்' என்றார், இன்னொருவர் 'பணியியல்' என்றார். வேர் சரி. ஆனால் முதலாவது தொழிற்சங்கக் கூட்டத்துக்குப் போகிறது, இரண்டாவது சம்பளப் பட்டியல் போடும் அறைக்குப் போகிறது. கிரேக்க வேரைத் தமிழில் பெயர்த்து நட்டால் மட்டும் போதாது போலிருக்கிறது.

என் பரிந்துரையைச் சொல்வதற்கு முன் ஒரு சின்னக் கதை.

முனைவர் பட்டத்துக்காக ஒரு பட்டறையில் தகவல் திரட்டிக்கொண்டிருந்தேன். இடுப்புயர மேசைமேல் தட்டையாக ஒரு தகடு. அதில் மேலிருந்து கீழாகத் திருகாணி முடுக்க வேண்டும். கொடுத்திருந்த கருவி துப்பாக்கி மாதிரிப் பிடி கொண்டது. சுவரில் முடுக்குவதற்கு அது அருமையான கருவி. மேசையில் முடுக்கும்போது முழங்கை தோள்வரை ஏறும், மணிக்கட்டு மடங்கும். அங்கே வேலை பார்த்த ஒருவர் பிடியில் பழைய சைக்கிள் ட்யூபைக் கீறிச் சுற்றியிருந்தார். காலடியில் மூன்று விரல் தடிமனுள்ள பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றிருந்தார். நான் என் படிவத்தை நீட்டினேன்: அசௌகரியம் உள்ளதா, எந்த மூட்டில், எத்தனை நாளாக, 1 முதல் 10 வரை எவ்வளவு. அவர் கருவியை ஒரு தடவை தூக்கிக் காட்டிவிட்டுச் சொன்னார்: "வாகா இல்ல சார். அவ்ளோதான்."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. 'பிற' என்ற இடத்தில் எழுதிக்கொண்டேன்.

வாகு. இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரிந்து தமிழில் இல்லை. 'உடல்வாகு' என்கிறோம், அது மனிதனின் அளவையும் அமைப்பையும் சொல்கிறது. 'வாகான பிடி' என்கிறோம், அது பொருளைச் சொல்கிறது. எங்கள் துறை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது. அமெரிக்க விமானப்படையில் கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர் 4,063 விமானிகளின் உடலளவுகளில் பத்தை மட்டும் எடுத்துப் பார்த்தார். சராசரியை ஒட்டிய நடுப்பங்கு என்று கொஞ்சம் தாராளமாகவே எல்லை வைத்தும், பத்து அளவிலும் அதற்குள் அடங்கியவர் ஒருவர்கூட இல்லை. 1952இல் வெளிவந்த அறிக்கை அது. சராசரி உடல்வாகுக்கு விமானி அறை செய்தால் அது யாருக்குமே வாகாக இருக்காது என்பதுதான் அதன் சாரம். பாருங்கள், இந்த வாக்கியத்தை எழுத எனக்கு ஒரு கலைச்சொல்லும் தேவைப்படவில்லை.

பீரோ தூக்கும்போது பெரியவர்கள் "வாகா புடிடா, ஒடம்போட ஒட்டிப் புடி" என்பார்கள். சுமை தூக்கலுக்கு அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நயாஷ் (NIOSH) வகுத்த சூத்திரமும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. எல்லாம் ஒழுங்காக அமைந்த நிலையில் தூக்கலாம் என்று அது சொல்வது 23 கிலோ. சுமை கணுக்காலிலிருந்து 25 செ.மீ. தள்ளி இருந்தால் அந்த அளவு அப்படியே நிற்கும். 50 செ.மீ. தள்ளிப் போனால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் பாதியாகிவிடும், 11.5 கிலோ.

ஆக என் முன்மொழிவு: எர்கனாமிக்ஸ் = பணிவாகியல், சுருக்கமாக வாகியல். துறை வல்லுநர் வாகியலர். 'எர்கனாமிக் நாற்காலி' என்பதற்கு வாகான நாற்காலி. 'பணிச்சூழலியல் நாற்காலி' என்று ஒரு விளம்பரத்தில் பார்த்துவிட்டு, இது எந்த வனத்துறையில் உட்காரும் என்று யோசித்திருக்கிறேன். ஒன்றை மட்டும் பிரித்து வையுங்கள்: வாகு வேறு, சொகுசு வேறு. அமிழ்ந்து போகிற சோபா சொகுசுதான். அதில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் தட்டச்சு செய்துவிட்டு எழுந்திருங்கள், தெரியும்.

அடுத்தது ஹியூமன் ஃபேக்டர்ஸ். 'மனிதக் காரணிகள்' என்று பலரும் எழுதுகிறார்கள். கணக்குப் பாடத்தில் காரணி சரி. இங்கே வந்தால் வம்பு. விபத்துச் செய்தியில் 'மனிதக் காரணி' என்று படிப்பவருக்கு 'மனிதன்தான் காரணம்' என்றுதான் கேட்கும். எங்கள் துறை பிறந்ததே அந்தப் பேச்சை மறுக்கத்தான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பி-17 விமானங்கள் நல்லபடி தரையிறங்கிய பிறகு, விமானி இறக்கை மடிப்பை (ஃப்ளாப்) ஏற்றுவதற்குப் பதிலாகச் சக்கரத்தை உள்ளே இழுத்துவிடுவார், விமானம் வயிற்றில் உட்காரும். விமானியின் தவறு என்று கோப்பை மூடிக்கொண்டிருந்தார்கள். அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலர் போய்ப் பார்த்தார். இரண்டு விசைகளும் பக்கத்துப் பக்கத்தில், கைக்கு ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றின் முனையில் சின்ன ரப்பர் சக்கரம், இன்னொன்றில் இறக்கை மடிப்பு வடிவத்தில் ஓர் ஆப்பு வைத்தார். பார்க்காமலே தடவித் தெரிந்துகொள்ளலாம், பிரச்சினை முடிந்தது. இன்றும் சக்கர விசையின் குமிழ் சக்கர வடிவில்தான் இருக்கிறது. 1947இல் ஃபிட்ஸும் ஜோன்ஸும் 'விமானியின் தவறு' எனப்பட்ட 460 அனுபவங்களைத் தொகுத்து இதையே விரிவாக எழுதினார்கள்.

இந்தத் துறைக்குப் போய் 'மனிதன்தான் காரணம்' என்று தொனிக்கும் பெயரை வைக்கலாமா? 'மனித இயல்புப் பொறியியல்' என்கிறேன் நான். மனிதன் மறப்பான், மாற்றி அழுத்துவான், களைப்பான். அது இயல்பு, அதை ஏற்றுக்கொண்டு பொறியை அமை, அவ்வளவுதான். ('மனித' வேண்டாம், 'மாந்த' என்பவர்கள் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். அந்தச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது.)

இரண்டும் ஒரே துறைதானே, ஒரே சொல் போதாதா என்று முன்னொரு மடலில் கேட்டிருந்தீர்கள். ஒன்றுதான். அமெரிக்காவில் 1957இல் ஹியூமன் ஃபேக்டர்ஸ் என்ற பெயரில் தொடங்கிய சங்கம் 1992இல் எர்கனாமிக்ஸையும் பெயரில் சேர்த்துக்கொண்டது; உலகக் கூட்டமைப்பும் இரண்டுக்கும் சேர்த்து ஒரே வரையறைதான் தருகிறது. ஆனாலும் நீங்கள் எழுதுவது ஒருவருடைய வாழ்க்கை. அவருடைய பதவி ஆணையில் எது இருக்கிறதோ அதன் தமிழைப் போடுங்கள். எங்களுக்குப் பெயர்ப்பலகை லேசான விஷயமில்லை. எங்கள் ஆட்கள் தொழிலகப் பொறியியல் துறையில் இருப்பார்கள், உளவியலில் இருப்பார்கள், வடிவமைப்பில், மருத்துவத்தில் எல்லாம் சிதறிக் கிடப்பார்கள். நான் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு உளவியலரிடம் முனைவர் பட்டம் வாங்கியவன். பதவி உயர்வுக் குழுவில் பொறியியல்காரர் என் கட்டுரைகளைப் புரட்டி "இது உளவியல் அல்லவா" என்பார், உளவியல்காரர் "இது இயந்திரம் அல்லவா" என்பார். இருவரும் சேர்ந்து, "ஓ, நாற்காலி ஆராய்ச்சியா?" என்று முடிப்பார்கள்.

போஸ்ச்சர், அதாவது உடலை வைத்திருக்கும் விதம்: 'உடல்நிலை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், படிப்பவர் காய்ச்சலா என்று கேட்பார். நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்று அழகான வழக்கு இருக்கும்போது 'உடற்கோலம்' போதும். 'மனச்சுமை'யும் இதேபோல ஒரு பள்ளம். வேலையில் மூளைக்கு விழும் பாரத்தை அளக்க அந்தச் சொல்லைக் கேள்வித்தாளில் போட்டேன். ஒருவர் உச்ச மதிப்பெண் கொடுத்துவிட்டு, "மூத்தவனுக்கு இன்னும் வேலை அமையல சார்" என்றார். அதற்கு 'அறிசுமை' என்று வைத்திருக்கிறேன்.

நீண்டுவிட்டது, பொறுத்தருள்க.

* * *

ஐயா, வணக்கம்.

சுவையான மடல். ஆனால் 'பணிவாகியல்' என்பதைச் சேர்த்து எழுதி ஒருமுறை வாய்விட்டு வாசித்தீர்களா? 'பணிவாக' என்றுதான் கண்ணில் படுகிறது. மேலதிகாரியிடம் பணிவாக நடந்துகொள்ளும் இயல் என்று நினைத்து அந்தப் பழைய கூட்டத்துக்கு வந்தவர்கள் மறுபடியும் வருவார்கள்!

இன்னொன்று, வாகு என்றால் தோள் என்றும் பொருள். 'வீரவாகு' நினைவுக்கு வரவில்லையா? அப்புறம், 'பணிச்சூழலியல்' ஓரளவு நிலைத்துவிட்ட சொல். அதைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக ஒன்றை நடுவது தேவைதானா? 'மனித இயல்புப் பொறியியல்' என்பதும் மனித இயல்பையே பொறியியலால் திருத்தப்போகிறோம் என்பதுபோல் ஒலிக்கிறதே?

* * *

அன்பு நண்பருக்கு,

'பணிவாக' என் கண்ணில் படவே இல்லை! பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு விசை வைத்த கதையாகிவிட்டது. 'பணி'யைக் கழற்றிவிட்டேன். வெறும் வாகியல். வீட்டில் காய் நறுக்குவதும் விளையாட்டும்கூடத் துறைக்குள் வருவதால் அது இல்லாமலிருப்பதே நல்லது.

தோள் என்ற பொருளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. எங்களிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் தோள்வலியோடுதான் வருகிறார்கள்.

நிலைத்த சொல் பற்றி: கட்டுரையில் முதல் இடத்தில் மட்டும் 'பணிச்சூழலியல் என்று சிலர் எழுதும் வாகியல்' என்று போட்டால் தேடுபவருக்கும் கிடைக்கும். 'மனித இயல்புப் பொறியியல்' குறித்த உங்கள் ஐயம் நியாயமானது. 'மனித இயல்புசார் பொறியியல்' என்றால் தீருமா? எனக்கே முழுத் திருப்தி இல்லை.

* * *

அனைவருக்கும் நன்றி.

நீங்கள் சொன்ன சொற்களைப் பேராசிரியரிடம் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். 'வாகியல்' கேட்டதும் சிரித்தார், "எங்க அம்மா சொல்ற வார்த்தை" என்றார். அதையே தலைப்பில் வைத்துவிட்டேன். உடற்கோலமும் சரி என்றுவிட்டார். ஹியூமன் ஃபேக்டர்ஸுக்கான சொல்லில் 'சார்' வந்ததும் மூச்சு முட்டுகிறது, வேறு பாருங்கள் என்கிறார். கட்டுரை வெள்ளிக்கிழமை போக வேண்டும். அதற்குள் யாருக்காவது தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.