ரெகுலேட்டருக்குத் தமிழில் என்ன? (ஸ்கூபா, அவசரம், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

புதுவை மொழிபெயர்ப்பாளர், திங்கள் இரவு:

குழும அன்பர்களுக்கு வணக்கம். ஓர் அவசர உதவி வேண்டும்.

ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் முழுகுவது) பயிற்சி மையம் ஒன்றில் உதவியாளர்களாகச் சேர்ந்திருக்கிற மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காகப் பன்னிரண்டு பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். முழுகப் போய் வருகிற கருவிகளைக் கழுவுவது, உலர்த்துவது, மறுநாள் மாட்டிக் கொடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. முகமூடி, காலில் மாட்டும் துடுப்பு என்று ஓட்டிக்கொண்டு வந்தவன் நாலாம் பக்கத்தில் 'ரெகுலேட்டர்' வந்ததும் முட்டிக்கொண்டு நிற்கிறேன். அந்தச் சொல்லைக் கேட்டால் நம் ஆட்களுக்கு முதலில் சீலிங் ஃபேன், அடுத்து கேஸ் அடுப்பு. (கேஸ் அடுப்பு ரெகுலேட்டராவது சொந்தக்காரன், அதுவும் அழுத்தத்தைக் குறைக்கிற சாமான்தான்.)

சாமான் இதுதான். சிலிண்டருக்குள் காற்று 200 பார் அழுத்தத்தில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு, கடல்மட்டக் காற்றழுத்தம் ஏறத்தாழ 1 பார்) அடைபட்டிருக்கிறது, அதை அப்படியே வாயில் வாங்க முடியாது. சிலிண்டர் வாயில் மாட்டுகிற முதல் பகுதி அந்த 200-ஐ, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட 8 முதல் 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி இறக்குகிறது. அங்கிருந்து ரப்பர் குழாய். அதன் நுனியில், பல்லால் கடித்துக்கொள்கிற இரண்டாம் பகுதி அந்த ஆழத்து அழுத்தத்துக்குச் சரியாக, 20 மீட்டரில் என்றால் 3 பாரில், காற்றைத் தருகிறது. மூச்சை இழுத்தால்தான் தரும். இழுக்காவிட்டால் சும்மா இருக்கும்.

என் பரிந்துரை: சுவாசச் சீராக்கி. வேர்ச்சொல் ஆராய்ச்சி வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், நேரமில்லை.


ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், திங்கள் பின்னிரவு:

தம்பி, வேர்ச்சொல் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் 'சுவாச' என்று தொடங்கினால் நான் தூங்குவது எப்படி? மூச்சு இருக்கிறது, உயிர்ப்பு இருக்கிறது, வளி இருக்கிறது. எழுத்து பிறக்கிற இடத்தைச் சொல்லும்போது தொல்காப்பியர் 'உந்தி முதலா முந்துவளி' என்றுதான் தொடங்குகிறார்.

அப்புறம், நீங்களே விளக்கியதில் உயிரான செய்தி 'இழுத்தால்தான் தரும்' என்பது. அதாவது, கேட்பவனுக்குக் கொடுக்கிற கருவி. கேட்பதற்குத் தமிழில் மூன்று சொல் உண்டு, எல்லாருக்கும் தெரியும்: ஈ, தா, கொடு. தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்டால் 'ஈ', ஒத்தவனிடம் என்றால் 'தா', உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் கேட்டால் 'கொடு'. இருபது மீட்டர் ஆழத்தில் ஒரு வாய்க் காற்றுக்கு ஏங்கி நிற்பவன் யார்? சந்தேகமே இல்லாமல் 'ஈ' என்று கேட்கவேண்டியவன். ஆகவே மூச்சை ஈவது மூச்சீவி.


திருகோணமலைச் சுழியோடி, செவ்வாய் காலை:

ஐயா, மன்னிக்கவேணும், மூச்சீவி என்று ரெண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்காரி தலை சீவக் கூப்பிடுகிறேனாக்கும் என்று நினைத்துவிட்டா.

நான் முப்பது வருசமாகக் கடலுக்குள் இறங்குகிறவன், இலக்கணம் மட்டுமட்டு. எங்கள் பக்கம் இந்த வேலைக்காரருக்குச் சுழியோடி என்றுதான் பெயர், பத்திரிகையிலும் கடற்படைச் சுழியோடிகள் என்றே வரும். உங்கள் பக்கம் ஏன் ஸ்கூபா வீரர் என்று எழுதுகிறார்கள்? தேங்காய் கழுவுகிற மாதிரி ரெகுலேட்டரைக் கழுவுகிற பிள்ளையும் வீரரோ?

தம்பிக்கு ஒரு சொல். பெயர் எதுவானாலும் கழுவுகிற பாடத்தைப் பிழையில்லாமல் எழுதும். சிலிண்டரில் இருந்து கழற்றின உடனே முதல் பகுதியின் தூசி மூடியைத் துடைத்து, ஈரமில்லை என்று பார்த்துத்தான் மூடவேணும். பிறகு நல்ல தண்ணியில் ஊறவிடவேணும். ஊறும்போது வாய்ப்பகுதியின் நடுவில் இருக்கிற பட்டனை அமத்தவே கூடாது. அமத்தினால் உள் வால்வு திறந்து, தண்ணி குழாய் வழியே ஏறி முதல் பகுதிக்குள் போய்விடும். வாடகைக் கடை ஒன்றில் ஒரு பிள்ளை இப்படிப் பட்டனை அமத்தி அமத்திக் கழுவின ரெகுலேட்டரை எனக்குத் தந்தார்கள். வெளியில் பளபளப்பு. பதினைந்து மீட்டரில் அடக்க முடியாமல் சீறத் தொடங்கினது. முதல் பகுதி பழுதானால் காற்றை அடைக்காமல் சீறவிடுகிற மாதிரித்தான் இந்தச் சாமானைச் செய்திருக்கிறார்கள், அதனால் குமிழிக்குள் வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டே மேலே வந்தேன். அதன் வடிகட்டியைப் பிறகு பார்த்தால் பச்சைக் களிம்பு. பச்சை என்றால் உள்ளே உப்புத் தண்ணி போயிருக்கிறது. செம்பழுப்பு என்றால் அனேகமாக இரும்புச் சிலிண்டரின் துரு.


பேராசிரியர், செவ்வாய் காலை:

களிம்பு! செம்பில் களிம்பு என்பது ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமை. செம்போடு கூடவே பிறந்தது, வெளியிலிருந்து வந்ததன்று. உங்கள் வடிகட்டியில் வந்தது வெளியிலிருந்து வந்த நீரால். ஆகவே அதைக் களிம்பு எனலாமா என்று…


மட்டுறுத்துநர், செவ்வாய் நண்பகல்:

ஐயா, தனி இழை தொடங்குங்கள். 'மட்டுறுத்தி' என்று வைக்கலாமே என்று ஒருவர் எனக்குத் தனிமடல் அனுப்பியிருக்கிறார். என் வேலைக்கே அந்தப் பெயர்தான் இருக்கிறது, என்னை யாரும் வாயில் கவ்விக்கொள்ள வேண்டாம்.


பொதுப்பணித்துறைப் பொறியாளர் (ஓய்வு), தஞ்சை, செவ்வாய் மாலை:

இந்தச் சொல்லைப் புதிதாகத் தேடவே வேண்டியதில்லை. டெல்டாவில் ரெகுலேட்டர் என்றால் ஃபேன் இல்லை சார், ஆற்றின் குறுக்கே கதவு வைத்துத் தண்ணீரை அளந்து விடுகிற கட்டுமானம். அதற்குத் தமிழ் நீரொழுங்கி. கோப்பிலும் எழுதினோம், செய்தித்தாளிலும் வருகிறது, விவசாயிகளுக்கும் புரிகிறது. நீர் வந்த இடத்தில் மூச்சை வையுங்கள்: மூச்சொழுங்கி. முடிந்தது.

ஆனால் எனக்கு உள்ளூர ஆசை வேறொன்று. பழைய ஏரிகளில் குமிழித்தூம்பு பார்த்திருப்பீர்கள். கரையை ஒட்டி ஏரிக்குள் இரண்டு கல்தூண், நடுவே அடைப்புக்கல். நீர் தேவைப்படும்போது ஒருவர் ஏரிக்குள் நீந்திப் போய், மூச்சடக்கி முழுகி, அந்தக் கல்லைத் தூக்கிவிட்டு வரவேண்டும். நீரோடித்துளை, சேறோடித்துளை என்று தண்ணீருக்கும் வண்டலுக்கும் தனித்தனி வழி. முழுக்கும் ஒழுங்கியும் ஒரே இடத்தில் சேர்ந்த நம் ஊர்க் கருவி அது. 'மூச்சுத்தூம்பு' என்றால் எவ்வளவு அழகு!


பேராசிரியர், செவ்வாய் இரவு:

தூம்பு நல்ல சொல். ஆனால் அது வழியைச் சொல்கிறதே தவிரக் கதவைச் சொல்லவில்லை. மடை என்றால் இரண்டும் வரும். மூச்சுமடை. 'மடை திறந்தாற்போல' என்பது பாமரருக்கும் தெரியும்.

மூச்சொழுங்கிக்கு என் மறுப்பு இருக்கிறது. ஒழுங்கு எதிலிருந்து வந்தது? ஒழுகு. நேராகச் செல்வது, நெறிப்படி நடப்பது, அதிலிருந்து ஒழுக்கம், ஒழுங்கு. சரி. ஆனால் இன்று 'ஒழுகுகிறது' என்றால் என்ன பொருள்? குழாய் ஒழுகுகிறது, கூரை ஒழுகுகிறது. காற்று ஒழுகவே கூடாத ஒரு கருவிக்கு ஒழுகலின் வேரில் பெயர் வைப்பீர்களா? தவிர, மண்வெட்டி, தேங்காய்த்துருவி என்று கருவிப்பொருள் இகரம் வினையோடு சேரும். ஒழுங்கு பெயர்ச்சொல். ஒழுங்கி எப்படி வரும்?


பொறியாளர், செவ்வாய் இரவு:

எப்படி வருமா? நாற்பது வருடமாக வந்துகொண்டிருக்கிறது சார், அதில் தண்ணீரும் போய்க்கொண்டிருக்கிறது. மடை என்று வைத்தால் 'மூச்சுமடை திறந்துகொண்டது' என்று எவனாவது சொல்ல, பக்கத்திலிருப்பவன் ஆம்புலன்சைக் கூப்பிடப் போகிறான்.


புதுவை மொழிபெயர்ப்பாளர், புதன் இரவு:

நன்றி, எல்லாருக்கும். கொஞ்சம் பிரெஞ்சும் பார்த்தேன், இந்த ஊரில் இருந்துகொண்டு பார்க்காமல் எப்படி? பிரெஞ்சுக்காரர்கள் இதைத் 'தெதாந்தர்' என்கிறார்கள், இறுக்கத்தைத் தளர்த்துவது என்று பொருள். ஜெர்மன்காரர்கள் 'ஆட்டெம்ரெக்லர்', அப்படியே மூச்சு-ஒழுங்கி. அவரவர் ஒவ்வொரு பாதியைப் பிடித்துக்கொண்டார்கள் போல. பிரெஞ்சுச் சொல் முதல் பகுதிக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது, இரண்டாம் பகுதியைச் சொல்லவே இல்லை. இத்தனைக்கும் 1943-இல் பிரெஞ்சுக் கடலாய்வாளர் குஸ்தோவுக்காக இதை வடிவமைத்த எமில் கான்யான், அதற்கு முன்பு செய்துவைத்திருந்தது போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் காருக்குக் கேஸ் கொடுக்கிற வால்வு. எஞ்சின் இழுத்தால் கேஸ் வரும். பேராசிரியர் ஐயாவின் 'ஈ' அங்கேயே இருந்திருக்கிறது.

இன்று காலை பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டினேன். 'ஊறும்போது மூச்சொழுங்கியின் பட்டனை அழுத்தாதே.' ஏழு பேரில் ஐந்து பேர் சரியாக அதைத்தான் கையில் எடுத்தார்கள். 'மூச்சுமடை' என்றதும் ஒருவன் தன் தொண்டையைத் தொட்டான். 'சுவாசச் சீராக்கி'க்கு இன்னொருவன், 'ஆஸ்துமாவுக்கு அடிப்பாங்களே, அதுவா அண்ணே?' என்றான். என் சொல்லை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கடைசியில் மூத்த பையன், 'ரெகுலேட்டர்னே போடுங்கண்ணே, வாங்குற பெட்டியில அப்படித்தான இருக்கும்' என்றான். பெட்டியில் ஆங்கிலத்தில் இருக்கும் என்றேன். 'அதையும் நாங்கதான படிக்கணும்' என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

திருகோணமலை அண்ணா, கையேட்டின் கடைசிப் பக்கம் 'வாங்கும்போது' என்பது. அதில் டின் என்கிறார்கள், யோக் என்கிறார்கள், பிஸ்டன், டயஃப்ரம்… இதற்கெல்லாம் சொல் தேடினால் பொங்கல் வந்துவிடும். எதைச் சொல்ல, எதை விட?


திருகோணமலைச் சுழியோடி, வியாழன் காலை:

டின், யோக் ரெண்டையும் அப்படியே விடும், விளக்கத்தைத் தமிழில் எழுதும். யோக் என்பது சிலிண்டர் வாயைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு திருகாணியால் இறுகும், 232 பார் வரை. டின் என்பது வாய்க்குள்ளேயே மரையோடு திருகி ஏறும், 300 பார் சிலிண்டருக்கும் ஆகும், ஓ-ரிங் (காற்றுக் கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையம்) வெளியே பிதுங்குகிற பயம் குறைவு. ஆனால் வாடகைச் சிலிண்டர் என்ன வாயோ அதற்கு ஏற்றதை வாங்காவிட்டால் இடையில் மாட்ட ஒரு துண்டு தேடி அலையவேணும்.

பிஸ்டன், டயஃப்ரம் என்பது முதல் பகுதியின் ரெண்டு வகை. பிஸ்டன் வகையில் பாகம் குறைவு, பழுது பார்க்க லேசு. ஆனால் ஸ்பிரிங் இருக்கிற அறைக்குள் கடல் போய் வரும், கழுவாவிட்டால் உப்புக் கட்டும். டயஃப்ரம் வகையில் ஒரு சவ்வு தடுப்பதால் கடல்நீர் உள் பாகங்களைத் தொடாது, மணலும் சேறும் கலங்குகிற இடத்துக்கு அது நல்லம். குளிர்நீருக்கென்று கூடக் காசு கொடுக்கவேண்டாம் என்று கட்டாயம் எழுதும். ஐரோப்பியத் தரமான ஈ.என். 250-இல் 10 பாகைக்குக் கீழே என்பதுதான் குளிர்நீர்க் கணக்கு, எங்கள் கடல் அந்தப் பக்கமே போகாது. அந்தக் காசை சர்வீசுக்கு வைத்திருக்கச் சொல்லும். அனேகம் தயாரிப்பாளர் வருசத்துக்கு ஒரு தரம் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள், சிலர் ரெண்டு வருசம் அல்லது 100 முழுக்கு. பக்கத்தில் பாகமும் பழுதுபார்க்கத் தெரிந்த ஆளும் இல்லாத பிராண்டை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கவேண்டாம்.

முழுகமுன் ஒரு சோதனை: தூசி மூடியை இறுக்கி, சிலிண்டரில் மாட்டாமல் வாயில் வைத்து மெல்ல உறிஞ்சவேணும். காற்று வரக்கூடாது. வந்தால் வாய்ப்பகுதிக்குள் இருக்கிற சவ்விலோ வெளிமூச்சு வால்விலோ ஓட்டை, கடலில் அந்த வழியால் தண்ணி வரும். இதற்குக் கலைச்சொல் தேவையில்லை.

மூச்சொழுங்கி எனக்குச் சம்மதம். கப்பலில் நான் ரெகுலேட்டர் என்றுதான் கத்துவேன்.


மட்டுறுத்துநர், வியாழன் இரவு:

கணக்கெடுத்தேன். மூச்சொழுங்கி 6, மூச்சுமடை 2, ரெகுலேட்டர் 3, மூச்சுத்தூம்பு 1 (பொறியாளர் இரண்டுக்கு வாக்களித்திருக்கிறார், ஒன்றைக் கழித்துவிட்டேன், எதை என்று சொல்லமாட்டேன்).


புதுவை மொழிபெயர்ப்பாளர், வெள்ளி காலை:

அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டேன். தலைப்பிலும் முதல் வரியிலும் 'மூச்சொழுங்கி என்கிற ரெகுலேட்டர்', அதன்பிறகு மூச்சொழுங்கி. இரண்டு பகுதிகளுக்கும் 'தலைப்பகுதி', 'வாய்ப்பகுதி' என்று வைத்தேன். முதற்படி, இரண்டாம்படி என்று எழுதிப் பார்த்தால் அச்சகத்துக்காரர் எத்தனை படி வேண்டும் என்று கேட்டார். பட்டனை அழுத்தாதே என்பதைக் கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன்.


பேராசிரியர், வெள்ளி மாலை:

வாழ்த்துகள், தம்பி. பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், ஒப்பவில்லை. இரண்டாம் பதிப்பு வரும்போது சொல்லுங்கள். ஓ-ரிங்குக்கு என்ன போட்டீர்கள்?