திருட்டுப் போன லேப்டாப் மேப்பில் தெரிகிறது, ஆனால் வட்டம் ரொம்பப் பெரிது

மின்மினி:
மூன்று நாள் முன்பு பேருந்தில் லேப்டாப் பையோடு போய்விட்டது. ப்ரே (தொலைந்த கருவியைத் தேடித் தரும் ட்ராக்கர் மென்பொருள்) போட்டு வைத்திருந்ததால் அன்றே 'காணவில்லை' என்று குறித்தேன். நேற்று இரவு 9:40-க்குத்தான் முதல் அறிக்கை வந்தது: ஒரு ஐபி முகவரி (இணையத்தில் அந்த இணைப்பின் எண்), மேப்பில் பாதி ஊரை வளைத்த வட்டம், வெப்கேம் படத்தில் நின்றுபோன மின்விசிறியின் ஒரு இறக்கை. ஆள் முகம் இல்லை. லேப்டாப்பின் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) என்னிடம் இருக்கிறது, அதை வைத்துத் தேட முடியுமா? (கடவுச்சொல் போடவில்லை, திட்டாதீர்கள்.)

பழையமவுஸ்:
திட்டவில்லை. ஆனால் முதலில் மின்னஞ்சல், வங்கி எல்லாவற்றிலும் கடவுச்சொல்லை மாற்றி, அந்த லேப்டாப்பில் திறந்திருக்கும் கணக்குகளை வெளியேற்றுங்கள். மேக் முகவரி உதவாது, அது ரவுட்டரைத் தாண்டிப் போவதே இல்லை. ஐபியை வைத்தும் நமக்கு ஊர்தான் தெரியும். அந்த நேரத்தில் அந்த ஐபி யாரிடம் இருந்தது என்பது இணைய இணைப்பு தரும் நிறுவனத்துக்குத்தான் தெரியும், போலீஸ் கேட்டால்தான் சொல்வார்கள். ஒரே ஐபியில் பல வீடுகள் இருப்பதும் உண்டு. அதனால் நேரத்தை நொடி வரை, எந்த நேர மண்டலம் என்பதோடு எழுதிக் கொடுங்கள்.

பெரும்பாலான லேப்டாப்பில் ஜிபிஎஸ் கிடையாது. சுற்றியுள்ள வைஃபையை வைத்துத்தான் இடம் கணிக்கும், அது கிடைக்காவிட்டால் ஐபியை வைத்து இப்படிப் பெரிய வட்டம் போடும். அறிக்கையில் வைஃபைப் பட்டியல் இருக்கிறதா?

மின்மினி:
இருக்கிறது, ஏழு பெயர்! ஒன்று ஏதோ கடைப் பெயர் மாதிரி இருக்கிறது. நேரில் போய்ப் பார்க்கட்டுமா? இல்லை, எல்லாவற்றையும் அழித்துவிடவா?

வழிப்போக்கன்:
போகவே போகாதீர்கள். பட்டியலைப் புகாரோடு சேருங்கள், லேப்டாப் பெட்டியில் உள்ள சீரியல் எண்ணையும் எழுதுங்கள். இப்போதே அழித்தால் ட்ராக்கரும் சேர்ந்து போகலாம். என் கதை நேர் எதிர்: பிட்லாக்கரில் (விண்டோஸில் வட்டு முழுவதையும் பூட்டும் வசதி) தொடங்கும்போதே கேட்கும் பின் எண் போட்டிருந்தேன். எடுத்தவனால் விண்டோஸுக்குள் நுழையவே முடியவில்லை, ட்ராக்கரும் கண் விழிக்கவில்லை. கோப்புகள் பத்திரம், லேப்டாப் போனது போனதுதான்.

மின்மினி:
சரி, எல்லாவற்றையும் அச்சடித்துப் புகாரில் இணைத்துவிட்டேன். இப்போது இரண்டாவது அறிக்கை வந்திருக்கிறது. அதே ஐபி, அதே அறை. மின்விசிறி மட்டும் ஓடுகிறது.