குழுவில் வந்த விரிசல் படத்துக்கு ‘பயப்பட வேண்டாம்’ என்று பதில் சொல்வது சரியா?

டிசைன்_பையன்:
வணக்கம். ஸ்ட்ரக்சுரல் டிசைன் வேலையில் இருக்கிறேன். எங்கள் ஊர் இன்ஜினியர்கள் வாட்ஸ்அப் குழுவில் வீட்டுக்காரர்களும் நிறையப் பேர் உண்டு. போன வாரம் ஒருவர், முதல் மாடி பால்கனிக்கு அடியில் சுவரை ஒட்டி நீளமாக ஓடும் ஒரு விரிசலைக் கீழே நின்று படமெடுத்துப் போட்டார். அனுபவமுள்ள சீனியர் ஒருவர் உடனே “வெறும் பூச்சு விரிசல்தான், பட்டி பார்த்துப் பெயின்ட் அடிச்சிடுங்க” என்று எழுதிவிட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் நானும் அந்த ஒரு படத்தைத்தான் பார்த்திருக்கிறேன். எல்லார் முன்னாலும் மறுத்தால் அவருக்கு மரியாதைக் குறைவு, பேசாமல் இருந்தால் மனசு உறுத்துகிறது. அவர் காசு வாங்காமல் உதவியாகத்தான் சொன்னார். என்ன செய்யலாம்?

சைட்காரன்:
தம்பி, முதலில் பால்கனியின் மேல்பக்கம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்லாபில் இழுவிசை மேல்பக்கம்தான் வரும், அதனால் மெயின் கம்பி மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் சட்டியோடு அந்தக் கம்பி மேலேயே நடப்பார்கள், அடியில் தாங்கல் சரியாக வைக்கவில்லை என்றால் அது அமுங்கிக் கீழே போய்விடும், டிராயிங்கில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கும். அப்படிப்பட்ட பால்கனியில் விரிசல் சுவரை ஒட்டி மேலேதான் தொடங்கும், டைல்ஸ் ஒட்டியிருந்தால் கண்ணுக்கே படாது. கீழிருந்து எடுத்த படத்தை வைத்து எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் ‘பூச்சு மட்டும்தான்’ என்று சொல்ல முடியாது.

பாலம்_பார்ப்பவர்:
2018 மார்ச்சில் மயாமியில் ஃபுளோரிடா இன்டர்நேஷனல் யுனிவர்சிட்டி நடைபாலம் விழுந்ததைப் படித்துப் பாருங்கள். பாலத்தில் பெரிய விரிசல்கள், படமெடுத்து மெயிலில் எல்லாருக்கும் அனுப்பியிருந்தார்கள். டிசைன் நிறுவனத்தின் இன்ஜினியர் 13ஆம் தேதி மாநிலப் போக்குவரத்துத் துறை அதிகாரியின் போனில், விரிசலைச் சரிசெய்ய வேண்டும், ஆனால் பாதுகாப்புப் பிரச்சினை இல்லை என்று குரல்பதிவு விட்டார். 15ஆம் தேதி காலையில் விரிசல் பற்றியே கூட்டம் நடந்தது, சாலையை மூடவில்லை. அன்று மதியம் பாலம் கீழே சாலையில் இருந்த கார்கள் மேல் விழுந்து 6 பேர் இறந்தார்கள். அதிகாரி அந்தப் பதிவைக் கேட்டது 16ஆம் தேதி. டிசைன் கணக்கிலேயே தப்பு என்று பின்னால் விசாரணையில் தெரிந்தது. ‘ஆபத்தில்லை’ என்று சொன்னவர்கள் யாரும் கத்துக்குட்டிகள் இல்லை. அமெரிக்காவில் தொழில்முறை இன்ஜினியர்கள் சங்கத்தின் நெறிமுறையில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது: விவரம் தெரிந்து, அந்தத் துறையில் தகுதியும் இருந்தால்தான் பொதுவில் தொழில்நுட்பக் கருத்துச் சொல்ல வேண்டும். காசு வாங்கினாரா இல்லையா என்பது அங்கே பேச்சே இல்லை.

ஊர்_மேஸ்திரி_மகன்:
எல்லாம் சரிதான், ஆனால் எல்லாரும் ‘நேரில் பார்க்காமல் சொல்ல மாட்டேன்’ என்று ஒதுங்கினால் ஃபீஸ் கொடுக்க வழியில்லாதவன் யாரிடம் போவான்? அந்தக் குழுவில் கேட்பவர்கள் பாதிப் பேர் அப்படித்தான்.

சைட்காரன்:
நியாயமான கேள்வி. ஒதுங்கச் சொல்லவில்லை. படத்தைப் பார்த்து ‘ஜாக்கிரதை’ என்று தாராளமாகச் சொல்லலாம், தப்பாகப் போனால் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் அலைச்சல், அவ்வளவுதான். ‘பயமில்லை’ என்பது தப்பாகப் போனால் ஆள் போய்விடும். “பால்கனியில் யாரும் நிற்காதீர்கள், தண்ணீர் டிரம்மையும் பூந்தொட்டிகளையும் எடுத்துவிடுங்கள், அடியில் வண்டி நிறுத்தாதீர்கள், உடனே ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வரவழையுங்கள்” என்று எழுத ஃபீஸ் எதற்கு? சீனியருக்குத் தனியாகப் போன் போட்டுச் சொல்லுங்கள், அவரே திருத்தினால் நல்லது. ஆனால் அதற்காக வீட்டுக்காரரைக் காக்க வைக்காதீர்கள், அவருக்கு முதலில் சொல்லுங்கள். குழுவிலும் திருத்தம் வந்தே ஆக வேண்டும், அதே மாதிரி பால்கனி வைத்திருப்பவர்கள் அந்தப் பதிலைப் படித்திருப்பார்கள்.

டிசைன்_பையன்:
நன்றி அண்ணே. வீட்டுக்காரரிடம் பேசிவிட்டேன். மேலே சுவரோரமாக டைல்ஸ் இணைப்பும் வாய் விட்டிருக்கிறதாம். பால்கனிக் கதவைப் பூட்டச் சொல்லிவிட்டேன். சீனியர் முதலில் கோபப்பட்டார், கம்பி விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் “நானும் வர்றேன், நாளைக்குக் காலையில போய்ப் பார்ப்போம்” என்றார். குழுவிலும் தன் பதிலை அவரே மாற்றி எழுதிவிட்டார்.